போதையில் வீழ்ந்தவரும் இரத்தப் பரிசோதனையும்
வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



இம்மாதப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு முகச்சுளிப்பை உண்டாக்கலாம். எச்.ஐ.வி. என்னும் கிருமியைப் பற்றியும், அதற்கான பரிசோதனைக்கு வராமலும், வந்தாலும் மருந்தில் நிலைக்காமலும் போகிற போதைப் பழக்கமுள்ள ஆண்களைப் பற்றியும் பேசப் போகிறோம். நாம் டாக்டர் அல்ல. மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தவர். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

1. நம் கடை வாசலில் நடந்தது

2003ஆம் ஆண்டு. நமக்கு இருபது வயது கடந்த சமயம். ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில் அத்தாவின் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தோம். லாரி வந்தால் மூட்டை இறக்க நாலைந்து பேர் வருவார்கள். அவர்களில் ஒருவர் நம் ஊர்ப் பக்கத்து ஆள். கணக்கில் சுத்தமானவர், இருபது மூட்டை என்றால் இருபது மூட்டைதான். பிறகு ஹெராயின் பழக்கம் அவரைப் பிடித்தது. வேலைக்கு வருவது குறைந்தது. நம் கடை அஞ்சடியிலேயே படுத்து உறங்கலானார். காலையில் கடை திறக்கும்போது அஞ்சடியைக் கழுவுகிற சாக்கில் தண்ணீரை ஊற்றி அவரை எழுப்பி விரட்டுவோம். இது நாம் செய்த காரியம். மறைப்பதற்கில்லை.

ஆள் மெலிந்துகொண்டே போனார். இருமல் விடவில்லை. ஒரு நாள் நம்மிடம் வந்து, ஓரிடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்ததாகவும், 'அந்த நோய்' என்று சொன்னதாகவும், கடிதம் வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போகச் சொன்னதாகவும் கூறினார். கடிதம் கொடுக்கிற இடத்தில் இருந்தவர் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி விசாரித்தாராம். இவர் கடிதத்தை வாங்காமலே வந்துவிட்டார். "தம்பி, ஒருக்கா நீங்க கூட வர்றீங்களா? நீங்க நின்னா என்னை ஏச மாட்டாங்க" என்றார். அன்று சரக்கு வருகிற நாள். "நாளைக்குப் பார்ப்போம்" என்றோம். அந்த நாளை வரவே இல்லை. சில மாதங்களில் அவர் இறந்த செய்திதான் வந்தது.

"நான் போகச் சொன்னேனே, அவன் போகவில்லையே" என்று அன்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டோம். அந்தச் சமாதானம் தவறு என்பதுதான் இந்தப் பாடத்தின் சாரம். இப்படிப்பட்டவருக்குப் போகச் சொல்வது ஒன்று. கூடப் போவது வேறொன்று.

2. கிருமி என்ன செய்கிறது?

எச்.ஐ.வி. என்பது உடலின் காவற்காரர்களான வெள்ளணுக்களைத் தாக்கும் கிருமி. உடலுக்குள் புகுந்த பின் பல ஆண்டுகள் வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் இருக்கலாம். ஆள் திடமாகவே மூட்டை தூக்குவார். காவல் குறைந்த பிறகு காசநோய் போன்றவை உள்ளே நுழையும். அந்த முற்றிய நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். ஆகவே முகத்தைப் பார்த்து யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. இரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இது பரவும் வழிகள் சிலவே. பாதுகாப்பில்லாத உடலுறவு, ஒருவர் குத்திக்கொண்ட ஊசியை மற்றவர் குத்திக்கொள்வது, கிருமியுள்ள இரத்தம் ஏற்றுவது, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பாலூட்டலிலும் தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்வது ஆகியவையே அவை. ஒரே தட்டில் உண்பதாலும், ஒரே கிளாஸில் தேத்தண்ணி குடிப்பதாலும், கை கொடுப்பதாலும், பள்ளியின் ஹவ்தில் ஒளூச் செய்வதாலும், கொசுக் கடியாலும், அவர் கொடுத்த காசை வாங்குவதாலும் பரவாது.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தனர். அதே 1986இல் மலேசியாவிலும் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். இரு நாடுகளிலும் அன்று பலர் "இது நம் ஜனங்களுக்கு வருகிற நோயல்ல" என்றே சொன்னார்கள்.

இன்று இதற்கு மருந்து உண்டு. கிருமியை அடியோடு ஒழிக்காது. ஆனால் அடக்கி வைக்கும். தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால், பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் இரத்தத்திலுள்ள கிருமியின் அளவு பரிசோதனைக்கே அகப்படாத மட்டத்துக்கு இறங்கிவிடும். அந்நிலையில் நீடிப்பவர் உடலுறவு வழியாக மற்றவருக்குக் கிருமியைக் கொடுப்பதில்லை என்று ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன. நீரிழிவுக்காரர் மருந்து சாப்பிட்டுக்கொண்டு வியாபாரம் செய்வதுபோல இவரும் வேலை செய்யலாம், மணம் முடிக்கலாம், பிள்ளை பெறலாம். இவ்வளவுக்கும் முதற்படி பரிசோதனை. அது இல்லாவிட்டால் மருந்து இருந்தும் இல்லாததே.

3. இத்தீவின் பழைய கணக்கு

போதை நம் தீவுக்குப் புதிதல்ல. பிரிட்டிஷார் காலத்தில் அபின் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டு அரசாங்கமே வருமானம் பார்த்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்து வந்த ஆண்டுகளும் உண்டு. அந்தப் பணத்தில் தெருவும் விளக்கும் வந்தன. அபினுக்கு அடிமையானவர்களோ பெரும்பாலும் மூட்டை தூக்குபவர்களும் ரிக்ஷா இழுப்பவர்களுமே.

1879இல் பினாங்கில் பிறந்தவர் டாக்டர் வூ லியன் தே. 1910, 1911ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவில் பிளேக் நோயை அடக்கி உலகப் புகழ் பெற்றவர் அவரே. அதற்கு முன் சொந்த ஊரில் அபினை எதிர்த்துச் சங்கம் நடத்தினார். 1907இல் அவருடைய மருந்தகத்தில் வைத்தியத்துக்காக இருந்த சிறிதளவு அபின் மருந்தைக் காரணம் காட்டி, அவர்மீதே வழக்குத் தொடுத்து அபராதம் விதித்தார்கள். போதையால் லாபம் அடைந்தவர் ஒரு பக்கம். அழிந்தவர் மறு பக்கம். உதவ வந்தவருக்கு அபராதம். இதை நாம் நினைவூட்டக் காரணம், போதையில் வீழ்ந்தவரை "யாரோ ஒருவர்" என்று ஒதுக்குகிற உரிமை இந்தத் தீவின் வியாபாரிகளுக்கு இல்லை என்பதே.

அபின் போய் ஹெராயின் வந்தது; ஹெராயினோடு ஊசியும் வந்தது. மலேசியாவில் 2002ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. இருப்பது பதிவாயிற்று. அக்காலத்தில் நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்ட ஆண்கள்.

4. அரசாங்கம் செய்தவை

நிலைமையின் கடுமையைக் கண்ட சுகாதார அமைச்சு இரண்டு துணிவான காரியங்களைச் செய்தது. 2005இல் மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கிற்று. ஹெராயின் உண்டாக்கும் உடல் வலியையும் ஏக்கத்தையும் ஒரு நாள் முழுவதும் தாங்கிக்கொள்ளச் செய்யும், வாயால் குடிக்கும் மருந்து அது. 2006இல் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுக்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. முதலில் சோதனை பார்த்த மூன்று ஊர்களில் நம் பினாங்கும் ஒன்று. மற்றவை கோலாலம்பூரும் ஜொகூர் பாருவும். அதே 2006 முதல், ஆரம்ப நிலை எச்.ஐ.வி. மருந்துகள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் குடிமக்களுக்கு இலவசமாயின.

பலன் கண்கூடு. ஆண்டுதோறும் பதிவாகும் புதிய நோயாளிகள் சுமார் பாதியாகக் குறைந்தனர். அவர்களில் ஊசி வழி வந்தவர்கள் இப்போது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. இப்போது பரவுவது பெரும்பாலும் உடலுறவு வழியாகத்தான்.

ஆனால் போதையும் மாறியிருக்கிறது. ஹெராயினைவிட 'ஐஸ்' என்றும் 'சியாபு' என்றும் சொல்லப்படும் சரக்கே இன்று அதிகம். அதைப் புகைக்கிறார்கள். ஊசி இல்லையே என்று நிம்மதியடைய முடியாது. அது தூக்கத்தையும் நிதானத்தையும் கெடுத்து, பாதுகாப்பில்லாத உறவுக்கு இழுத்துச் செல்கிறது. மெத்தடோன் ஐஸுக்கு மருந்தாகாது. மெத்தடோன் வாங்க தினமும் வருகிறவரைக் கிளினிக்கில் கண்டுபிடித்துப் பரிசோதித்துவிடலாம். ஐஸ் புகைப்பவரோ எந்த வாசலுக்கும் தினமும் வருவதில்லை. ஆகவே அவரைத் தேடிச் செல்ல வேண்டியதாகிறது.

5. பரிசோதனைக்கு ஏன் வருவதில்லை?

நம் வீடுகளில் பரிசோதனை சகஜமாகிவிட்டதைக் கவனியுங்கள். மலேசியாவில் முஸ்லிம் ஜோடிகள் நிக்காஹ்வுக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 2001இல் ஜொகூரில் தொடங்கிப் பிறகு நாடெங்கும் வந்த ஏற்பாடு இது. மாப்பிள்ளையும் பெண்ணும் கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுக்கிறார்கள். காகிதத்தை மத இலாகாவில் சேர்க்கிறார்கள். யாரும் அவர்களைச் சந்தேகிப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கும் 1998 முதல் நாடு முழுவதும் இப்பரிசோதனை நடக்கிறது. அதன் பலனாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குக் கிருமி செல்வதை ஒழித்த நாடு என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது.

எல்லோருக்கும் செய்வது என்று ஆனபோது வெட்கம் போயிற்று. வெட்கம் போனபோது நோயும் பின்வாங்கிற்று. அஞ்சடியில் படுத்திருப்பவருக்கு நிக்காஹ்வும் இல்லை, பிரசவமும் இல்லை. அவரைத் தானாகப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் வாசல் ஒன்றுமில்லை. அவராக வர வேண்டும். வராததற்குக் காரணங்கள் பல:

முதலாவது, பயம். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போதைப் பழக்கமுள்ளவரை மறுவாழ்வு நிலையத்தில் வைக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். அரசாங்கக் கட்டிடம் எதைக் கண்டாலும் போலீஸ் ஞாபகமே வருகிறது.

இரண்டாவது, வெட்கம். உடம்பில் நாற்றம், உடையில் அழுக்கு, வரிசையில் மற்றவர் முகம் திருப்புவது ஆகியவை மருந்தைவிடக் கசப்பானவை.

மூன்றாவது, நேரம். காலை எட்டு மணிக்கு வரிசையில் நிற்கச் சொன்னால், அந்நேரம் உடல் வலி வந்து அன்றையச் சரக்குக்கு வழி தேடுகிறவரால் எப்படி நிற்க முடியும்?

நான்காவது, தொலைந்துபோன அடையாள அட்டை. ஐந்தாவது, "இருப்பது தெரிந்து என்ன செய்ய, சாகத்தானே போகிறோம்" என்ற பழைய எண்ணம். மருந்து உண்டு என்பதே பலருக்கு இன்னும் தெரியாது.

6. சரக்கு கை மாறும் இடம்

வியாபாரிகளாகிய நமக்கு ஒன்று தெரியும். கப்பலிலிருந்து கிட்டங்கிக்கு, கிட்டங்கியிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து கடைக்கு வருகிற சரக்கில் சேதம் எங்கே உண்டாகிறது? கை மாறும் இடங்களில்தான். இறக்குபவர் "நான் இறக்கிவிட்டேன்" என்பார். ஏற்றுபவர் "எனக்கு வரவே இல்லை" என்பார். நடுவில் மூட்டை நனைந்து கிடக்கும்.

நோயாளியின் விஷயமும் இதுவே. இரத்தம் எடுப்பது ஒரு கை. முடிவு சொல்வது இரண்டாவது கை. டாக்டரிடம் பெயர் பதிவது மூன்றாவது. முதல் மாத்திரை வாங்குவது நான்காவது. மாதம் தவறாமல் திரும்ப வருவது ஐந்தாவது. ஒவ்வொரு இடத்திலும் சிலர் தவறிப் போகிறார்கள். 2003இல் நாம் அறிந்தவர் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் தவறினார். அவர் மட்டும் குற்றவாளி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் அவரைப் பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லை.

இதை வெறும் மன இரக்கத்தால் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தே சொல்கிறோம். உக்ரைனில் கீவ், வியட்நாமில் தாய் நுயென், இந்தோனேசியாவில் ஜகார்த்தா ஆகிய மூன்று நகரங்களில், ஊசி போட்டுக்கொள்ளும் எச்.ஐ.வி. நோயாளிகளிடையே ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2018இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு அந்த ஊரின் வழக்கமான சேவை மட்டும். மற்றொரு பிரிவினருக்கு அதோடு கூட, வழி காட்டித் துணை செல்லும் ஒருவரையும், மனம் விட்டுப் பேச ஓர் ஆலோசகரையும் கொடுத்தார்கள். துணையாள் செய்த வேலை என்ன? எங்கே போவது என்று சொல்லுவது, காகிதம் தயார் செய்வது, வராவிட்டால் தேடிப் போவது. ஓராண்டு கழிந்தபின் பார்த்தால், துணை இல்லாத பிரிவில் நூற்றுக்கு 43 பேர் மருந்தில் இருந்தனர். துணை இருந்த பிரிவில் 72 பேர். மரணமோ துணை இருந்த பிரிவில் சுமார் பாதியாகக் குறைந்திருந்தது. இவர்கள் போதையை விட்டுவிட்டு வந்தவர்கள் அல்ல. போதையில் இருந்தபடியே துணையோடு வந்தவர்கள். "முதலில் போதையை விடட்டும், பிறகு பார்ப்போம்" என்று நாம் வழக்கமாகச் சொல்வது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

7. சில கேள்விகளும் விடைகளும்

கேள்வி: மெத்தடோன் என்பது ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதையைக் கொடுப்பதல்லவா?

விடை: டாக்டர் அளந்து கொடுக்க, கண் முன்னால் குடிக்கும் மருந்து அது. சரியான அளவில் குடிப்பவருக்கு மயக்கமும் இல்லை, வலியும் இல்லை. ஊசியும் திருட்டும் வேண்டியதில்லை; வேலைக்கு வர முடிகிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள மஸ்ஜித் அர்-ரஹ்மானில் 2010இல் பள்ளிவாசலிலேயே மெத்தடோன் கொடுக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. பள்ளிவாசல் திறந்துவிட்ட கதவை நாம் மூட வேண்டாம்.

கேள்வி: ஊசி கொடுப்பது பாவத்துக்குத் துணை போவதாகாதா?

விடை: இக்கேள்வி 2006இல் நாடெங்கும் எழுந்தது. மார்க்கத் தீர்ப்பு சொல்வது நம் வேலையல்ல, ஆலிம்களைக் கேளுங்கள். நடந்ததை மட்டும் சொல்கிறோம். ஊசி வழி நோய் பரவுவது பெரிதும் குறைந்தது. அந்த ஊசியை வாங்க வந்தவர்களிடம்தான் பரிசோதனையைப் பற்றியும் மெத்தடோனைப் பற்றியும் பேச முடிந்தது. அவர்களுடைய மனைவி மக்களும் அதனால் காக்கப்பட்டார்கள்.

கேள்வி: ஒரு முறை பரிசோதித்து 'இல்லை' என்று வந்தால் போதுமா?

விடை: போதாது. கிருமி நுழைந்தவுடனே பரிசோதனையில் தெரியாது; பரிசோதனையின் வகைக்கேற்பச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். பழக்கம் தொடர்ந்தால் பரிசோதனையும் தொடர வேண்டும். 'இருக்கிறது' என்று வந்தாலும் மறு பரிசோதனையால் உறுதி செய்த பிறகே முடிவு சொல்வார்கள். இரத்தம் கொடுக்கும் அதே தடவையில் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி-க்கும் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் அது மிக அதிகம். அதைக் குணப்படுத்தும் மாத்திரை உண்டு. இருமல் இருந்தால் காசநோய்க்கும் பார்க்க வேண்டும்.

கேள்வி: மாத்திரை தொடங்கிய பின் உடம்பு வலிக்கிறது என்று நிறுத்திவிட்டவர் உண்டே?

விடை: இது முக்கியமானது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்னும் மருந்தும், சில எச்.ஐ.வி. மருந்துகளும், மெத்தடோனின் வேகத்தைக் குறைத்துவிடும். அப்போது பழைய வலி திரும்பும். "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஆள் ஓடிவிடுவார். டாக்டரிடம் சொன்னால் மெத்தடோன் அளவைச் சரிப்படுத்துவார். கூட ஒருவர் இருந்தால் இதை எடுத்துச் சொல்லலாம்.

கேள்வி: இந்நோயுள்ளவர் மௌத்தாகிவிட்டால் குளிப்பாட்டலாமா?

விடை: தாராளமாக. கையுறை, மேலங்கி முதலிய வழக்கமான பாதுகாப்போடு குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்கலாம். பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

கேள்வி: நம் உணவுக் கடைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இந்நோய் தெரியவந்தால்?

விடை: வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கட்டாயப் பரிசோதனையில் இது கண்டால், வேலைக்குத் தகுதியில்லை என்று ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். முதலாளி டிக்கட் எடுத்துக் கொடுத்ததோடு காரியம் முடிந்தது என்று நினைக்கிறார். பையனோ ஊரில் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிடுகிறான். கை மாறும் இடத்தில் இதுவும் ஒரு பெரிய சேதம். இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் அரசாங்கமே இம்மருந்தை இலவசமாகக் கொடுத்து வருகிறது. சென்னைத் தாம்பரம் நெஞ்சக ஆஸ்பத்திரி அதில் முன்னோடியானது. இப்போது மாவட்டந்தோறும் ஏ.ஆர்.டி. மையங்கள் உண்டு. 1097 என்ற எண்ணில் அங்கு இலவசமாக விசாரிக்கலாம். டிக்கட்டோடு இந்த விவரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த பின் அவனிடம் ஒரு முறை போனில் பேசிக் கேளுங்கள்.

8. நாம் செய்யக்கூடியவை

(1) இடத்தைத் தெரிந்து வையுங்கள். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் எச்.ஐ.வி. பரிசோதனை உண்டு; பெயர் சொல்லாமல் செய்துகொள்ளும் வழியும் உண்டு. மருந்துக்குக் கிளினிக்கிலிருந்தே ரெசிடென்சி சாலைப் பெரிய ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்குக் கடிதம் கொடுப்பார்கள். போதையிலிருந்து மீள விரும்புபவர் தாமாகச் சென்று சேரும் 'கியூர் அண்ட் கேர்' என்னும் அரசாங்க நிலையங்கள் 2010இல் தொடங்கப்பட்டன.

(2) ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "டேய்" என்பதை விடுங்கள். முதலில் தேத்தண்ணி, அதற்குப் பிறகு பேச்சு. ஒரே நாளில் எல்லாம் பேச வேண்டாம்.

(3) கட்டாயப்படுத்த வேண்டாம். "பரிசோதித்தால்தான் வேலை" என்பதும், "போலீசைக் கூப்பிடுவேன்" என்பதும் ஆளை இன்னும் தூரத்துக்கு விரட்டும். அவர் சம்மதித்த நாளில் உடனே போங்கள். சம்மதம் நாளைக்கு இராது.

(4) கூடப் போங்கள். போவதற்கு முன் குளிக்க இடமும் ஒரு சட்டையும் கொடுங்கள். வரிசையில் அவர் பக்கத்தில் நில்லுங்கள். கிளினிக்கில் குடிமகனுக்குச் சீட்டு ஒரு வெள்ளிதான். அதையும் கையில் வைத்திருங்கள்.

(5) அடுத்த தேதியை உங்கள் கடை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அவருக்குத் தேதி மறக்கும். கடன் வசூல் தேதி மறக்காத நமக்கு இது பெரிதல்ல. மாத்திரை டப்பாவைக் கடையில் வைத்துக்கொள்ளச் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சடியில் வைத்தால் திருடு போய்விடும். ரமலானில் மாத்திரை, மெத்தடோன் நேரங்களை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு வையுங்கள்.

(6) வாயைக் கட்டுங்கள். இது அமானிதம். அவர் சொன்னது உங்களோடு இருக்கட்டும். மனைவியிடமும் பங்காளியிடமும் ஒரு வார்த்தை சொன்னாலும், மறுநாள் கடைத்தெரு முழுவதும் பரவும். அதன் பிறகு அவர் மட்டுமல்ல, அவரைப் போன்ற பத்துப் பேர் பரிசோதனைக்கு வரமாட்டார்கள்.

(7) அவர் தவறினால் கணக்கை மூடிவிடாதீர்கள். இரண்டு மாதம் வரவில்லை என்றால் தேடிப் போங்கள். "ஏன் வரவில்லை" என்று அதட்டாமல், "வாங்க, நாளைக்குப் போவோம்" என்று சொல்லுங்கள். விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

9. முடிவாக

சில ஆண்டுகளுக்கு முன் இன்னொருவர் நம் கடை அஞ்சடிக்கு வந்து சேர்ந்தார். ஐஸ் புகைப்பவர். அவர் சம்மதம் பெற்றே, யாரென்று தெரியாதபடி இதை எழுதுகிறோம். மூன்று மாதம் தேத்தண்ணிப் பேச்சு நடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை "போவோமா?" என்றார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் போனோம். வரிசையில் நிற்கும்போது நடுவில் எழுந்து வெளியே போனார். வரமாட்டார் என்று எண்ணினோம். வந்துவிட்டார். முடிவு 'இருக்கிறது' என்று வந்தது. வெளியே பெஞ்சில் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவரே, "டாக்டர் தேதி எப்போ?" என்று கேட்டார்.

அதற்குப் பின் ஒரு முறை மாத்திரையை விட்டார். தேடிப் போய் அழைத்து வந்தோம். ஐஸ் பழக்கம் இன்னும் முழுவதும் போனபாடில்லை, குறைந்திருக்கிறது. சென்ற முறை இரத்தம் பார்த்தபோது கிருமி பரிசோதனைக்கு அகப்படவில்லை. இப்போது காலையில் அஞ்சடியைக் கழுவுவது அவரே.

நமக்கு ஆன செலவைப் பேரேட்டில் எழுதினால் ஏழெட்டு முற்பகல்களும் சில வெள்ளிகளுமே. 2003இல் நாம் மிச்சப்படுத்திய ஒரு முற்பகலின் விலை அதைவிட மிகப் பெரிது. அந்தக் கடன் இன்னும் நம் பெயரில் பற்றாகவே நிற்கிறது.

ஆகவே சங்கத்தாருக்கு நம் வேண்டுகோள் ஒன்று. கடைத்தெரு, சூலியா தெரு, பினாங்கு சாலை ஆகியவற்றில் தெருவுக்கு இரண்டு வியாபாரிகள், 'கூடப் போகத் தயார்' என்று முன்வர வேண்டும். பெயரைப் பலகையில் எழுத வேண்டாம். காரியதரிசியிடம் சொன்னால் போதும். கிளினிக் தாதி ஒருவரை அழைத்து, அவர்களுக்கு ஒரு மாலை விளக்கம் சொல்லச் செய்யலாம். முதல் பெயராக நம் பெயரைக் கொடுத்துவிட்டோம். மற்றப் பெயர்களை எதிர்பார்க்கிறோம்.

வஸ்ஸலாம்.